மூன்று பேர் ஏற்றிய மெருகு

ஷெட்டுக்குள் கார்க் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டதும் அவள் கையிலிருந்த மெழுகுக் கத்தி அப்படியே நின்றது. அந்தச் சத்தத்தில் ஏதோ தப்பு இருந்தது. சரியாக இருந்ததுதான் தப்பு. நல்ல மரப்பெட்டியின் மூடியைப் பொறுமையுள்ள ஒருவர் விரலால் பிடித்து இறக்கினால் வருமே, அப்படி ஒரே ஒரு 'டப்'. அதற்குப் பின்னால் ஆட்டம் இல்லை, கிறீச் இல்லை, யாரும் யாரையும் திட்டவும் இல்லை.

அந்தக் கதவின் லட்சணம் அவளுக்குத் தெரியும். கீழ் மூலை தொங்கிப்போன கதவு அது. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, முட்டியால் முட்டுக்கொடுத்து, இடுப்பால் ஓங்கி ஓர் இடி இடித்தால்தான் சாத்திக்கொள்ளும். சாத்திக்கொண்டதும் கண்ணாடி உள்ளே சறுக்கி விழுந்துவிடும். கண்ணாடியை மேலே எடுக்க அந்த மூன்று பேருக்கும் ஒரு சாயங்காலம் ஆகும். அதைக் கொண்டாட டீ கேட்பார்கள்.

பல் செட் செய்வது அவள் தொழில். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் சாந்து ஊற்றி, மெழுகு வைத்து, பல் அடுக்கி, கடைசியில் மெருகேற்றி அனுப்புவாள். ஓரத்தில் மயிரிழை அளவு மேடு இருந்தாலும் போட்டுக்கொள்பவரின் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும் வேலை. இருபது வருடம் அந்த நாக்குகளுக்குப் பயந்து வேலை செய்தவளுக்கு, அடுத்தவர்களின் கைவேலையைப் பார்த்தால் உதடு தானாகக் கோணும். ஷெட்டில் நடந்ததைப் பார்த்துக் கோணிய உதடு நேராகவே இல்லை.

காரைச் சீர்படுத்தக் கிளம்பியவர்கள் மூன்று பேர். முதலாமவன் அவள் கணவன். இன்ஷூரன்ஸ் ஆபீசில், நசுங்கிய வண்டிகளின் படங்களைப் பார்த்து இழப்பீடு கிடையாது என்று எழுதுவது அவன் உத்தியோகம். கார்களுக்கும் அவனுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். இரண்டாவது ஆள் அவன் கூடப் படித்த ஜெராக்ஸ் கடைக்காரர். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு "நிலைமை சீரியஸ்தான்" என்று சொல்வதால் அவருக்கு டாக்டர் என்று பெயர். அவர் அவளை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார். டாக்டர் வாயில் சிஸ்டர் என்று வரும்போதெல்லாம் வீடே ஆஸ்பத்திரி ஆகிவிட்டது போல அவளுக்கு எரிச்சலாக வரும். மூன்றாவது, அவள் கூடப் பிறந்த தம்பி. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மருந்து விற்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவனுக்கு நேரம் இருந்தது. பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போய் வெகுநாளாகிறது, ஏன் என்று கேட்டால் சிரிப்பான்.

"காசு இருக்கறவன் மெக்கானிக்கிட்ட விடுவான். நாம கத்துக்கிட்டே பண்ணுவோம்" என்று அவள் கணவன் ஒரு நாள் அறிவித்தான். கற்றுக்கொள்வது என்றால் போனில் வீடியோ ஓடும், கிரீஸ் விரலால் அதை நிறுத்துவார்கள், போன் வழுக்கி விழும். செலவைக் குறைப்பது என்றால் அவள் மேசையிலிருந்து உப்புத்தாளும் மெருகுப் பொடியும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். தலைமுடி காயவைக்கும் மெஷினை எடுத்துப்போய் பள்ளத்தை அடைக்க மட்கார்டில் பூசிய பட்டியைக் காயவைத்தார்கள். பட்டி காயவில்லை. மெஷின் எரிந்தது.

வண்டியைப் பழைய இரும்புக் கடையிலிருந்து கிட்டத்தட்டச் சும்மா வாங்கி வந்திருந்தார்கள். "ஸ்பேர் பார்ட்ஸுக்கு நீங்க அலையவே வேண்டியதில்ல" என்று கடைக்காரர் சொன்னதை மூவரும் வரம் கிடைத்தவர்கள் போலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை என்றும், வண்டியை லாரியில் ஏற்றிவிட்டு அதற்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனார் என்றும் தம்பி சொன்னான். இவர்களுக்கு விற்றுவிட்டு அந்த மனுஷன் சிரிப்பை அடக்கத்தான் அப்படிப் போயிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுபடியும் அந்தச் சத்தம். டப்.

அவள் டீயைக் கலந்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். தின்னரும், நாட்பட்ட கிரீஸும், ஈர இரும்பின் துருவும் கலந்த வாசனைக்கு நடுவில் அன்றைக்குப் புதிதாக ஒன்று இருந்தது. காய்ச்சல்காரன் படுத்து எழுந்த தலையணையில் வருமே, அந்த மாதிரி. கதவைத் திறந்தாள். ஒரு விரலால் தள்ளினாள். அது போய் உட்கார்ந்துகொண்டது. இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு.

"யார் பண்ணினது இது?"

"நாங்கதான்" என்றான் கணவன்.

"நாங்கன்னா யாரு?"

கணவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் தம்பியைப் பார்த்தார். தம்பி டீயைப் பார்த்தான்.

"நான் கீலோட திருகாணியை முடுக்கிட்டு அப்படியே கதவுமேல சாஞ்சு நின்னேன் சிஸ்டர்" என்றார் டாக்டர். "அது தானா உக்காந்துக்கிச்சு."

"தானா."

"தானாதான்."

அவர் டம்ளருக்குக் கையை நீட்டினார். நீட்டியது இடது கை. வலது கை முழங்கையிலிருந்து வெளிப்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அசையும்போது அது கொஞ்சம் தாமதமாக, தன்பாட்டுக்கு ஆடியது. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் இடது கையால் அதைத் தூக்கி, பொட்டலத்தை வைப்பது போல மடியில் வைத்துக்கொண்டார்.

"சுளுக்கு. வலியெல்லாம் ஒன்னும் இல்ல."

பேப்பரைத் தவிர வேறு எதையும் தூக்கிப் பழகாத கை, ஸ்பேனரைப் பிடித்தால் சுளுக்கத்தான் செய்யும். அவள் காலி டம்ளர்களோடு வந்துவிட்டாள். ஆனாலும் அன்று முழுக்க, அந்தக் கை ஆடிய விதம் எங்கேயோ பார்த்தது போலவே இருந்தது.

அதன்பிறகு ஷெட்டில் சத்தம் குறைந்தது. அவள் வேலை செய்யும் அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், மேலே ஒரு சின்ன ஜன்னல். முன்பெல்லாம் அதன் வழியாக ஸ்பேனர் விழும் சத்தம், வீடியோக்காரனின் பேச்சு, "அது இல்லடா, இது" என்ற சண்டை எல்லாம் வந்து அவள் மெழுகில் விழும். இப்போது வேலை முடிந்து மூவரும் வந்து உள்ளே போனதும் அமைதி. காதைக் கொடுத்துக் கேட்டால், உள்ளங்கைகள் இரும்பின் மேல் தேய்க்கப்படும் சத்தம் மட்டும், சீராக, வட்டம் வட்டமாக, மூன்று பேரும் ஒரே மூச்சில் தேய்ப்பது போல வரும். நடுநடுவே யாரோ ஒருவர் 'ஹா' என்பார், கடித்துக்கொண்டிருந்த செருப்பைக் கழற்றிவிட்டது போல. அதற்கப்புறம் டிக், டிக் என்று ஒரு சத்தம். நெடுந்தூரம் ஓடி வந்து நின்ற எஞ்சின் ஆறும்போது வருவது. அந்த எஞ்சின் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு தடவைகூட உயிர்பெற்றதில்லை.

கற்றுக்கொண்டுவிட்டார்களோ என்று ஒரு கணம் நினைத்தாள். நினைப்புக்கே சிரிப்பு வந்தது. சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் மூன்று ஓட்டை போடுகிற ஆட்கள்.

இடது மட்கார்டில் ஒரு பள்ளம் இருந்தது. ஒரு தலை உள்ளே பொருந்தும் அளவுக்கு. அதன் கீழ் விளிம்பிலிருந்து ஒரு மடிப்பு, வால் மாதிரி, கதவுப் பக்கமாகச் சுழித்துக்கொண்டு போகும். அவர்கள் அதில் பட்டியை அப்பி அப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அது வெடித்து ஓடு ஓடாக விழுந்தது. ஒரு நாள் காலை, எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, உப்புத்தாளைத் திரும்ப எடுத்துவர ஷெட்டுக்குப் போனவள், பள்ளம் இருந்த இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை.

கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தாள். எங்கும் தட்டவில்லை. பட்டிதான், மேலே பெயின்ட் அடித்து ஏமாற்றுகிறார்கள் என்று, உள்ளே போய் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பட்டியில் காந்தம் ஒட்டாது. இதில் ஒட்டியது. மேலே, கீழே, மடிப்பு இருந்த இடத்தில், எல்லா இடத்திலும் 'சட்'டென்று ஒட்டியது. முழுக்க இரும்பு. அதன் மேல் ஏறியிருந்த மெருகு, அவள் கைக்கே வருடத்தில் ஒரு தடவை, எல்லாம் கூடிவந்தால் மட்டும் வாய்க்கிற மெருகு. அதில் தன் முகம் தெரிந்ததைப் பார்த்ததும் அவள் கையை எடுத்துக்கொண்டாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. ஷெட்டுக்குள் வெயில் வராது.

அன்று சாயங்காலம் தம்பி வந்தான். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்து தண்ணீர் எடுக்கக் குனிந்தான். பனியன் மேலே ஏறியது.

"நில்லுடா."

"என்னக்கா?"

"அப்படியே நில்லு. நிமிராத."

இடது பக்கம், விலாவில் ஒரு பள்ளம். காயம் இல்லை, கன்றல் இல்லை. தோல் வழவழவென்று உள்ளே இறங்கிப் போயிருந்தது. கீழ் விளிம்பிலிருந்து ஒரு மடிப்பு முதுகுப் பக்கமாகச் சுழித்துக்கொண்டு போனது. அவள் கட்டைவிரலை உள்ளே வைத்தாள். விலா எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் விலா எலும்பு, பள்ளத்தின் வளைவுக்கே வளைந்து, பணிவாகக் கிடந்தது. சில்லென்றிருந்தது.

வாழ்நாள் முழுக்க அச்சில் வார்க்கிறவள். ஒரு வடிவத்தை மேடாகப் பார்த்தாலும் குழியாகப் பார்த்தாலும் அவளுக்கு அது ஒன்றுதான். அளந்து பார்க்கத் தேவையில்லை. டாக்டரின் கை எதைப்போல ஆடியது என்பதும் அப்போது தெரிந்தது: மூலை தொங்கிப்போன அந்தக் கதவைப்போல.

"எங்கேயாவது விழுந்தியா?"

"இல்லக்கா. கார்மேல சாஞ்சு கொஞ்சம் கண்ணசந்துட்டேன். எழுந்தா இப்படி இருந்துச்சு."

"வலிக்கலையா?"

"வலிக்கலக்கா" என்று திரும்பினான். அவன் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. பரீட்சையில் தேறிய அன்றோ கல்யாண மேடையிலோ கூட அவனிடம் அவள் பார்க்காத நிறைவு. "மட்கார்டு எப்படி வந்திருக்கு, பாத்தியா?"

"கண்ட தின்னரை மோந்துக்கிட்டு அங்கேயே கெடந்தா இப்படித்தான் ஆகும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற."

"சரிக்கா" என்றான். போகமாட்டான் என்று இருவருக்கும் தெரியும்.

அவன் ஷெட்டுக்குள் போய்விட்டான். அவள் அடுப்படியில் நின்றாள். ஏதோ ஒரு விஷவாயு, ஏதோ ஒரு எலும்பு நோய், மூன்று முட்டாள்கள் சேர்ந்து இழுத்துக்கொண்ட வினை என்று காரணங்களை அடுக்கினாள். ஏளனம் அவளுக்குப் பழகிய போர்வை. அன்று அதை எவ்வளவு இழுத்துப் போர்த்தினாலும் கால் வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது.

அடுத்தது முகப்பு விளக்கு. இரண்டில் ஒன்று, சோறு வடித்த கஞ்சியை ஊற்றி வைத்தது போல மங்கிப் போயிருந்தது. மழை தூறிய ஒரு காலையில் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, திறந்திருந்த ஷெட்டுக்குள் அந்த விளக்கு கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிந்திருந்தது. அவள் இடது பக்கம் நகர்ந்தாள். கண்ணாடிக்குள் வெளிச்சம் நகர்ந்தது. வலது பக்கம் நகர்ந்தாள். அதுவும் வந்தது. கண்ணாடி என்றால் அப்படித்தான், வெளிச்சம் நகரத்தான் செய்யும், என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள்.

பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். கணவன் சாப்பாட்டு மேசையில் டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். தண்ணீர் மேசையில் ஓடி, அவன் மடியில் சொட்டியது. அவனுக்குத் தெரியவில்லை.

அவள் போய் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடது கண் முழுக்கக் கஞ்சி.

"எப்போலேர்ந்து?"

"கண்ணா? அது கெடக்கட்டும். லைட்டைப் பாத்தியா நீ?"

 நேராக வேலை அறைக்குப் போய், சாந்து அச்சை உடைக்கும் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். அன்று விடுமுறை; தம்பி கூடத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான், டாக்டர் சோபாவில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷெட்டில் யாரும் இல்லை. கார் இருந்தது. மழைச் சத்தத்துக்குக் கீழே அந்த டிக், டிக் இருந்தது.

பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். அதை நிரூபிக்கத்தான் வந்தாள். மட்கார்டின் மேல், முட்டை ஓட்டை உடைக்கும் அளவுக்கு, ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

இரும்புச் சத்தம் வரவில்லை.

வீட்டுக்குள் தட்டு விழுந்து உருண்டது. தம்பி அலறினான். அவள் ஓடிவந்தபோது அவன் தரையில் சுருண்டு இடது விலாவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தான். கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"கீறல் விழுந்துடப் போகுதுக்கா" என்றான்.

சாயங்காலம் மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு அவள் கணவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மூணு பேருக்கும்?"

"பேசிக்கிட்டதில்ல. தெரியும்."

"தெரிஞ்சேவா போறீங்க?"

அவன் நல்ல கண்ணை அவள் பக்கம் திருப்பினான். "நீ எப்பவும் சொல்வியே, நான் கைவெச்ச எதுவும் உருப்பட்டதில்லன்னு. சண்டைக்குச் சொல்லல. அது உண்மைதான். டாக்டருக்கும் அப்படித்தான், உன் தம்பிக்கும் அப்படித்தான். இது ஒன்னு உருப்படுது. போய்த் தொட்டுப் பாரு. மத்தவங்களுக்குத் தெரியாம போகலாம், உனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரிந்திருந்தது.  அவனிடம் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாத ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"நாளைக்கே அந்த இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டு வண்டியைத் தூக்கிட்டுப் போகச் சொல்றேன். உடைச்சு உருக்கட்டும்."

"உருக்கினா" என்றான் அவன் மெதுவாக, "நாங்க?"

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. 

"வேற வழி யோசிக்கலாம்" என்றாள் கடைசியில். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "அதுவரைக்கும் யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது. இன்னும் என்ன பாக்கி அதுல?"

"சீட் மட்டும்தான். ஸ்பிரிங்தான் நிக்குது. மத்ததெல்லாம் முடிஞ்சிடுச்சு."

"அப்படியே நிக்கட்டும். போகமாட்டேன்னு சொல்லுங்க."

"போகல" என்றான். உடனே சொன்னான். அவன் எதையும் உடனே ஒப்புக்கொள்கிறவன்தான்.

மறுநாள் அவள் வெளியே போக வேண்டியிருந்தது. பெரியவர் ஒருவர் பல் இல்லாமல் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருந்தார். செட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, போட்டுப் பார்த்து, கடிக்கும்போது பல் உயர்ந்திருந்தால் அங்கேயே ராவிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த கணவனைப் பார்த்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். போவதா, வேண்டாமா.

போனாள். ஏன் என்றால், அவர்களை அவளுக்குத் தெரியும். பழைய சீட்டைக் கழற்றி எடுக்கவே இரண்டு வாரம் எடுத்துக்கொண்டவர்கள். ஒருவருக்கு ஒரு கை இல்லாத மாதிரி, ஒருவனுக்கு ஒரு கண் இல்லாத மாதிரி, நேற்றுத் தட்டியதிலிருந்து ஒருவனால் நிமிர முடியாது. வாக்கை மீறி உள்ளே போனாலும் ஒரு மத்தியானத்துக்குள் என்ன கிழித்துவிடப் போகிறார்கள்? ஊசியில் நூலைக் கோக்கவே பொழுது சாய்ந்துவிடும். பஸ்ஸில் அதை நினைத்துக்கொண்டதும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. உதடுகூடக் கோணியது.

பெரியவரின் கடி உயர்ந்திருந்தது. ராவினாள். மறுபடியும் உயர்ந்திருந்தது. வெளியே வந்தபோது மழை கொட்டியது, பஸ்கள் நின்ற இடத்திலேயே நின்றன. வீட்டுத் தெருவில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது.

வாசல் கதவு திறந்திருந்தது.

கூடத்தில் விளக்கு இல்லை. சாப்பாட்டு மேசையில் மூன்று டீ. யாரும் குடிக்கவில்லை. மேலே ஆடை படிந்து, சுருங்கி, ஆறிப்போயிருந்தது.

"என்னங்க."

மழை மட்டும்.

"டேய். தம்பி."

கட்டிலில் யாரும் இல்லை. போர்வை மடித்து வைத்திருந்தது, நாலு மூலையும் சேர. கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு கைக்குட்டையைக்கூட மடித்ததில்லை.

ஷெட்டில் விளக்கு எரிந்தது. மூன்று ஜோடி செருப்பு வெளியே. வரிசையாக. நேராக.

உள்ளே ஆள் இல்லை. பெஞ்சின் மேல் மூன்று சட்டைகள், மூன்று கால்சட்டைகள், மடிப்புக் கலையாமல். ஒரு கைக்கடிகாரம். ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காய்ச்சல் தலையணை வாசனை மூக்கை அடைத்தது. டிக், டிக் நின்றுபோயிருந்தது. அதற்குப் பதில் வேறொரு சத்தம், மிகவும் தணிந்து. இழுத்து, நிறுத்தி, விட்டு. இழுத்து, நிறுத்தி, விட்டு.

கார் முடிந்திருந்தது.

அவள் சுற்றி வந்தாள். பழக்கம்தான், முடிந்த வேலையைப் பார்த்தால் கண் குறையைத் தேடும். தேடியது. எஞ்சின் மூடியின் விளிம்பு, கதவின் இடைவெளி, கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர், பம்பரின் வளைவு. ஒரு தடவை. இன்னொரு தடவை. ஒரு சின்ன மேடு இருந்தால் போதும், ஒரு பொடிக் கீறல், இது அந்த மூன்று கைகளும் செய்ததுதான் என்று சொல்ல ஏதாவது ஒன்று. வேண்டிக்கொண்டே தேடினாள்.

இல்லை.

கதவைத் திறந்தாள். உள்விளக்கு எரிந்தது.

சீட் போட்டிருந்தது.

ஓட்டுகிறவர் சீட் ஒரு நிறம். பக்கத்து சீட் அதைவிடக் கருப்பு. பின்னால் நீள சீட் மாநிறம், கொஞ்சம் சிவந்தாற்போல. பல்லுக்கும் ஈறுக்கும் நிறம் பொருத்திப் பிழைக்கிறவள் அவள். எந்த நிறம் யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தையல் தெரியவில்லை. ஓரமெல்லாம் உள்ளே மடித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து, அளவாக. ஓட்டுகிறவர் சீட்டில், தோள் சாயும் இடத்துக்கு மேலே, வட்டமாக ஒரு சின்ன வடு. பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட வடு. அதைச் சுற்றித் தோல் மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

ஓட வேண்டும் என்று கால் சொன்னது. கை நீண்டது. இருபது வருடப் பழக்கம், அது யாரையும் கேட்காது. உள்ளங்கையைப் பரப்பி வைத்தாள். சூடாக இருந்தது. மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினாள். மேடு இல்லை. பிசிறு இல்லை. விரல் நுனியில் எதுவும் தட்டவில்லை.

அவள் வாய் திறந்தது.

"நல்லா வந்திருக்கு" என்றாள்.

அவள் உள்ளங்கைக்குக் கீழே, வடுவிலிருந்து தொடங்கி, தோள் வழியாக, முதுகு வழியாக, சீட்டின் கடைசி விளிம்புவரை, புள்ளி புள்ளியாக, அந்தத் தோல் புல்லரித்தது.